எச்பிவி பாசிட்டிவ் வந்தபின்: கால்போஸ்கோபியை எவ்வளவு நம்பலாம், எந்த வழியில் போகலாம்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில், ஹீவூட் போன்ற தோட்டங்களில் இருக்கும் பெண்களுக்கு எச்பிவி (கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ்) பரிசோதனை முன்பைவிட எவ்வளவோ எளிதாகிவிட்டது. 2019-இல் தொடங்கி அரசாங்கக் கிளினிக்குகளில் படிப்படியாக வந்த முறை இது. 30 முதல் 65 வயது வரையுள்ள பெண், மிஸ்ஸி (நர்ஸ்) கொடுக்கும் குச்சியை வாங்கிக்கொண்டு மறைவான இடத்தில் தானே மாதிரி எடுத்துக் கொடுத்துவிடலாம். சங்கடம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. "பாசிட்டிவ், ஈப்போவுக்குப் போங்க" என்று ஒரு கடிதம் கைக்கு வரும். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பயணம், ஒருநாள் வேலை போகும், வீட்டில் என்னவென்று சொல்வது என்ற கூச்சம் வேறு. உடனே போவதா, ஒரு வருடம் கழித்துத் திரும்பப் பரிசோதிப்பதா? போனால் சதை எடுத்துப் பார்த்துவிட்டு வருவதா, அன்றைக்கே சிகிச்சையையும் முடித்துக்கொள்வதா?

இதையெல்லாம் முடிவு செய்ய, கால்போஸ்கோபி, அதாவது ஈப்போவில் கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை, எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். பலரும் அதை எக்ஸ்ரே மாதிரி நினைத்துவிடுகிறார்கள், "பார்த்தாங்க, ஒண்ணுமில்லையாம்" என்று திரும்பிவிடுகிறார்கள். உண்மையில் எந்த இடத்தில் சதை கிள்ளி எடுக்க (பயாப்சி) வேண்டும் என்று வழிகாட்டுவதுதான் அதன் வேலை. தீர்ப்புச் சொல்வது நோய்க்கூறியல் ஆய்வகம்.

கண் பார்ப்பது எதை

1925-இல் ஜெர்மனியில் ஹான்ஸ் ஹின்செல்மன் உருவாக்கிய கருவி. நூறு ஆண்டாகியும் அடிப்படை மாறவில்லை. ஸ்பெக்குலம் வைத்துத் திறந்த பிறகு, உடலுக்கு வெளியே ஏறத்தாழ ஓர் அடி தள்ளி நிற்கும் உருப்பெருக்கியால் கருப்பைவாயைப் பார்க்கிறார்கள். முதலில் உப்புநீரால் சளியைத் துடைத்து, பச்சை வடிகட்டி போட்டு இரத்தக் குழாய்களைப் பார்ப்பார்கள். அடுத்து 3 முதல் 5 சதவீத அசெட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலம், பஞ்சில் நனைத்து வைக்கப்படும். மாற்றம் அடைந்த செல்களில் உட்கருவும் புரதமும் அடர்த்தியாக இருப்பதால் அமிலம் பட்டதும் அந்த இடம் வெளுத்துத் தெரியும். கடைசியாக லூகோல் அயோடின். முதிர்ந்த நல்ல செல்லில் கிளைக்கோஜன் நிறைய இருக்கும், அது அடர்பழுப்பாகும். கிளைக்கோஜன் இல்லாத இடம் கடுகு மஞ்சளாக நிற்கும். அயோடின் ஒவ்வாமை இருந்தால் நாற்காலியில் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

தவறு நடப்பது பெரும்பாலும் அமிலத்தில்தான். வைத்தபின் குறைந்தது ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். கூட்டம் நெரியும் நாளில் இருபது நொடியில் பஞ்சை எடுத்துவிட்டால் மெல்லிய வெளுப்பு தெரியவே தெரியாது. தெரிந்த வெளுப்பும் சில நிமிடங்களில் மங்கிவிடும் என்பதால் நடுவில் மறுபடி அமிலம் வைக்க வேண்டும். தீவிரமான மாற்றம் சட்டென்று வெளுத்து வெகுநேரம் நிற்கும். லேசானது மெதுவாக வந்து சீக்கிரம் மறையும். அனுபவமுள்ள கண் இந்த வேகத்தையே ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்ளும்.

வெளுத்ததெல்லாம் ஆபத்தும் இல்லை. அழற்சி, ஆறிக்கொண்டிருக்கும் புண், முதிராத மெட்டாபிளேசியா (ஒரு வகைச் செல் இன்னொரு வகையாக மாறும் இயல்பான மாற்றம்) எல்லாமே வெளுக்கும். ஆள்மாறினால் கணிப்பும் மாறுவதைக் குறைக்க மதிப்பெண் முறைகள் இருக்கின்றன. அதில் ஸ்வீட் ஸ்கோர் (Swede score) பரவலானது. வெளுப்பின் அடர்த்தி, விளிம்பு, இரத்தக் குழாய், அளவு, அயோடின் நிறம் என்று ஐந்து விஷயங்களுக்கு 0, 1, 2 என்று மதிப்பெண். அளவில் 5 மில்லிமீட்டருக்குக் கீழ் 0, 15 மில்லிமீட்டரைத் தாண்டினால் 2. மொத்தம் பத்துக்கு 8 அல்லது அதற்கு மேல் வந்தால் தீவிர மாற்றம் என்ற சந்தேகம் வலுவானது. 4-க்குக் கீழ் வந்தால் அது இருக்கும் வாய்ப்புக் குறைவு. உங்கள் அறிக்கையில் இந்த எண் இருந்தால் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை வேறு டாக்டர் பார்க்கும்போது உதவும்.

எவ்வளவு சரி?

1998-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். மாற்றம் இருக்கிறதா இல்லையா என்ற அளவில் மட்டும் கேட்டால், மாற்றம் உள்ள 100 பெண்களில் 96 பேரிடம் கால்போஸ்கோபியில் ஏதாவது தெரிந்தது. ஆனால் நல்ல கருப்பைவாய் உள்ள 100 பேரில் 48 பேரைத்தான் "சரியாக இருக்கிறது" என்று சொல்ல முடிந்தது. மற்ற 52 பேருக்கும் வீண் சந்தேகம். லேசானதா தீவிரமானதா என்று பிரிக்கச் சொன்னால் உணர்திறன் (உள்ளவரைப் பிடிப்பது) 85 சதவீதம், தெளிதிறன் (இல்லாதவரை இல்லை என்று சரியாகச் சொல்வது) 69 சதவீதம்.

2023-இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, 2011-ஆம் ஆண்டின் சர்வதேசக் கலைச்சொற்களை வைத்துச் செய்த ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டது. "இது தீவிர மாற்றம்" என்று டாக்டரின் கண் சொன்னால் அந்தச் சொல்லின் தெளிதிறன் 93 சதவீதம், ஆனால் உணர்திறன் 68-தான். தீவிர மாற்றம் உள்ள மூன்று பேரில் ஏறத்தாழ ஒருவரைக் கண் மட்டும் பார்த்து "லேசானது" என்றோ "ஒன்றுமில்லை" என்றோ எடைபோட்டிருக்கிறது.

இந்த எண்களிலும் ஒரு மறைவு உண்டு. நிறைய ஆய்வுகளில் வெளுத்த இடத்தில் மட்டுமே சதை எடுத்தார்கள். வெளுக்காத இடத்தில் இருந்த நோய் கணக்கிலேயே வராது, கருவி நல்ல பெயர் வாங்கிவிடும். சீனாவின் ஷான்சி மாநிலத்தில் நடந்த ஆய்வு இந்த ஓட்டையை அடைத்தது: சாதாரணமாகத் தெரிந்த பகுதிகளிலும் சதை எடுத்தார்கள், கருப்பைவாயின் உட்குழாயையும் சுரண்டினார்கள். 2004-இல் வெளியான அதன் முடிவுப்படி, சிஐஎன் 2 (புற்றுநோய்க்கு முந்தைய செல் மாற்றத்தின் தரம்; 1 லேசு, 3 மிகத் தீவிரம்) அல்லது அதற்கு மேல் இருந்த பெண்களில் 57 சதவீதம் பேருக்குத்தான் வெளுத்த இடத்தில் எடுத்த சதை நோயைக் காட்டியது. 37 சதவீதம் பேருக்கு அது கிடைத்தது சாதாரணமாகத் தெரிந்த இடத்தில் எடுத்த சதையில். மீதி 5 சதவீதச் சொச்சம் உட்குழாய்ச் சுரண்டலில்.

ஒரு பயாப்சியா, மூன்றா?

கேட்டால் பலருக்கும் முகம் சுளிக்கும் கேள்வி இது. ஆனால் முழு விஷயத்திலும் அதிகப் பலன் தரும் முடிவு இதுதான்.

2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஒரே பெண்ணிடம் பல இடங்களில் சதை எடுத்துத் தனித்தனியாகப் பார்த்தார்கள். மிக மோசமாகத் தெரிந்த ஓர் இடத்தில் மட்டும் எடுத்தபோது தீவிர மாற்றத்தைப் பிடித்தது 61 சதவீதம். இரண்டாவதும் சேர்ந்தபோது 86. மூன்றாவதும் சேர்ந்தபோது 96. அதே நாற்காலி, அதே ஸ்பெக்குலம், கூடுதலாக இரண்டு நிமிடம். எடுக்கும் சதை ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்தான். கருப்பைவாயில் கிள்ளும்போது பெரும்பாலோருக்கு ஒரு சுருக்கென்ற இழுப்பும் மாதவிடாய் வலி போன்ற பிடிப்பும் இருக்கும். வெளுத்த இடங்கள் எத்தனையோ, அவற்றிலிருந்து இரண்டு முதல் நான்கு வரை எடுக்கலாம் என்பது 2017-இல் அமெரிக்கக் கால்போஸ்கோபி நிபுணர் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல்.

எல்லோருக்கும் கிள்ள வேண்டும் என்பதில்லை. எச்பிவி வகைகளில் அதிக ஆபத்தான 16, 18 இரண்டும் இல்லை, செல் பரிசோதனையில் (பாப் ஸ்மியர் போல, கருப்பைவாய்ச் செல்களை எடுத்துப் பார்ப்பது) தீவிர மாற்றம் எதுவும் இல்லை, கால்போஸ்கோபியிலும் எதுவும் வெளுக்கவில்லை என்றால் சதை எடுக்காமலே அனுப்பலாம். எச்பிவி 16 உள்ளவருக்கு எங்கேயோ லேசாக வெளுத்திருக்கிறது, "பார்த்துக்கலாம்" என்று ஒன்றும் எடுக்காமல் விட்டார்கள் என்றால், "ஏன் எடுக்கலை டாக்டர்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

உடனே போவதா, ஒரு வருடம் பொறுப்பதா?

இதற்குப் பதில் கடிதத்தில் எந்த எண் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மலேசிய வழிமுறைப்படி 16 அல்லது 18 என்றால் நேரே கால்போஸ்கோபி. மற்ற ஆபத்தான வகைகள் என்றால் முதலில் செல் பரிசோதனை. அதில் மாற்றம் இருந்தால் கால்போஸ்கோபி, இல்லையென்றால் 12 மாதத்தில் மறுபரிசோதனை. தானே குச்சியில் எடுத்த மாதிரியில் கருப்பைவாய்ச் செல்கள் போதிய அளவு இருக்காது. அதனால் செல் பரிசோதனைக்கு மறுபடி கிளினிக் போய் மிஸ்ஸியிடம் ஸ்பெக்குலம் வைத்து எடுக்க வேண்டும். "அதான் ஏற்கெனவே கொடுத்தாச்சே" என்று இந்த இடத்தில் நிறையப் பேர் நழுவிவிடுகிறார்கள்.

இந்தப் பிரிவு ஏன் என்பதற்கு ஒரு நீண்டகால அமெரிக்க ஆய்வின் எண்கள் போதும். பத்து ஆண்டுகளில் சிஐஎன் 3 அல்லது அதற்கு மேல் வந்தது எச்பிவி 16 உள்ளவர்களில் 17 சதவீதம், 18 உள்ளவர்களில் 14, மற்ற ஆபத்தான வகைகளில் 3, எச்பிவி இல்லாதவர்களில் 1-க்கும் கீழ். ஆகவே 16 அல்லது 18 என்றிருந்தால் "ஒரு வருடம் பார்ப்போம்" என்ற வழியை எடுக்க வேண்டாம். மற்ற வகை, செல் பரிசோதனையும் சரி என்றால், ஒரு வருடம் பொறுப்பது சோம்பல் ஆகாது. பெரும்பாலான எச்பிவி தொற்று ஓரிரண்டு ஆண்டுகளில் உடம்பே துரத்திவிடும். அவசரப்பட்டுப் போனால் மேலே சொன்ன 52 பேரில் ஒருவராக வீண் பயாப்சி வாங்கிக்கொண்டு வரவும் கூடும்.

ஒரு நிபந்தனை: அந்த 12 மாதத்தை யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டும். தோட்டம் கைமாறுவது, வேலை தேடி ஜொகூர் பக்கம் போய்விடுவது, போன் எண் மாறுவது, இதெல்லாம் நடக்கிற ஊரில் கிளினிக் அழைக்கும் என்று காத்திருக்கக் கூடாது. தீபாவளி, பொங்கல் என்று ஒரு நாளோடு சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டால் தவறாது.

பயாப்சி எடுத்து முடிவுக்குக் காத்திருப்பதா, அன்றைக்கே சிகிச்சையா?

லெட்ஸ் என்பது மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால், மரத்துப்போகும் ஊசி போட்டு, மாறிய பகுதியை வழித்தெடுப்பது. கால்போஸ்கோபியில் பார்த்த கையோடு செய்துவிடலாம், எடுத்த சதையே ஆய்வகத்துக்கும் போகும். இரண்டாம் பயணம் மிச்சம். ஆனால் கண் தவறினால் தேவையே இல்லாமல் கருப்பைவாயில் ஒரு பகுதி போய்விடும்.

எத்தனை பேருக்கு வீணாகப் போகிறது என்று 2016-இல் ஒரு தொகுப்பாய்வு பார்த்தது. செல் பரிசோதனையும் தீவிரம், கால்போஸ்கோபியும் தீவிரம் என்றபோது வீண் சிகிச்சை 12 சதவீதம். செல் பரிசோதனை தீவிரம், கண்ணுக்கு லேசு என்றால் 29. செல் பரிசோதனை லேசு, கண்ணுக்குத் தீவிரம் என்றால் 46. இரண்டும் லேசு என்றால் 73. கடைசி இரண்டிலும் அன்றைக்கே சிகிச்சை என்று யாராவது சொன்னால் மறுத்துவிடலாம்.

இன்னும் பிள்ளை பெற நினைப்பவர்களுக்கு இது வெறும் எண் இல்லை. கருப்பைவாயில் சிகிச்சை பெற்றவர்களிடம் குறைமாதப் பிரசவம் 10.7 சதவீதம், பெறாதவர்களிடம் 5.4 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வெட்டும் ஆழம் கூடக்கூட ஆபத்தும் கூடும். இருபதுகளில், முப்பதின் தொடக்கத்தில் இருப்பவருக்குப் பயாப்சி சிஐஎன் 2 என்று வந்தால், அதில் பாதி இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே மறைகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒழுங்காக வர முடியுமானால் பொறுத்துப் பார்ப்பது நியாயமான தேர்வு. சிஐஎன் 1-க்கு வெட்ட வேண்டியதே இல்லை.

மாறாக, நாற்பதைத் தாண்டியவர், பிள்ளைப்பேறு முடிந்தது, எச்பிவி 16, செல் பரிசோதனை தீவிரம், கால்போஸ்கோபியிலும் அடர்ந்த வெளுப்பு, மறுபடி ஈப்போ வர முடியுமா என்பது சந்தேகம் என்றால், அன்றைக்கே முடித்துக்கொள்வதே மேல். சிஐஎன் 3-ஐ விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தின் கசப்பான அனுபவம் இருக்கிறது: போதிய சிகிச்சை தராமல் விடப்பட்ட பெண்களில் 30 ஆண்டுகளில் 31 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வந்தது, ஒழுங்காகச் சிகிச்சை பெற்றவர்களில் 0.7 சதவீதம் பேருக்குத்தான். இதே எண் இன்னொன்றையும் சொல்கிறது, வேகம் ஆண்டுக்கணக்கில்தான். பயாப்சி முடிவுக்காக ஒன்றிரண்டு மாதம் காத்திருப்பதால் குடி முழுகாது. வராமலே போய்விடுவதுதான் மூழ்கடிக்கும்.

மாதவிடாய் நின்றவர்களுக்கு

கால்போஸ்கோபி அதிகம் தடுமாறும் இடம் இது. மாற்றம் தொடங்கும் உருமாறும் பகுதி, வயதாக ஆக உட்குழாய்க்குள் ஏறிவிடும். முழுவதும் வெளியே தெரிந்தால் வகை 1. உள்ளே ஏறியிருந்தும் முழுதாகப் பார்க்க முடிந்தால் வகை 2. முழுதாகப் பார்க்க முடியாவிட்டால் வகை 3. வகை 3 என்று எழுதிவிட்டு "மாற்றம் தெரியவில்லை" என்றும் எழுதியிருந்தால், அதற்குப் பொருள் பார்க்க வேண்டிய இடத்தை முழுதாகப் பார்க்க முடியவில்லை என்பதுதான். அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஈஸ்ட்ரோஜன் குறைந்து தோல் மெலிந்திருப்பதால் தொட்டாலே இரத்தம் கசியும், அயோடினும் சரியாகப் பிடிக்காது. இரண்டு மூன்று வாரம் உள்ளே ஈஸ்ட்ரோஜன் களிம்பு வைத்துவிட்டு மறுபடி பார்த்தால் படம் தெளிவாகும். மார்பகப் புற்றுநோய் இருந்தவர்கள் இதை முதலில் சொல்ல வேண்டும். அப்படியும் தெரியாவிட்டால் உட்குழாயைச் சுரண்டி எடுப்பது, சந்தேகம் வலுவாக இருந்தால் கண்டறிவதற்காகவே லெட்ஸ் செய்வது. கர்ப்பிணிகளுக்குக் கால்போஸ்கோபி செய்யலாம், ஆனால் உட்குழாயைச் சுரண்டக் கூடாது.

எச்பிவி 18-ஐயும் இங்கேயே சொல்ல வேண்டும். சுரப்பிச் செல்களில் வரும் மாற்றத்தோடு அதற்கு நெருங்கிய தொடர்பு. அது உட்குழாய்க்குள், விட்டுவிட்டு, பல நேரம் வெளுக்காமலே இருக்கும். 18 பாசிட்டிவ், செல் பரிசோதனையில் சுரப்பிச் செல் மாற்றம், கால்போஸ்கோபியில் ஒன்றுமில்லை என்ற மூன்றும் ஒன்றாக வந்தால் கண்ணைவிடச் செல்லையே நம்புங்கள். செல் பரிசோதனை தீவிரம் என்று சொல்லிக் கண் ஒன்றுமில்லை என்றாலும் அப்படியே. சிலைடை மறுபடி பார்க்கச் சொல்வது, உட்குழாய் மாதிரி எடுப்பது, தேவைப்பட்டால் கூம்பாக வெட்டிப் பார்ப்பது என்று ஏதாவது ஒரு அடுத்த படி இருந்தே ஆக வேண்டும்.

அரசாங்கமா, தனியாரா, எப்படிப் போவது

தனியாரில் சீக்கிரம் தேதி கிடைக்கும், பில்லும் அதற்கேற்ப வரும். பயாப்சியின் ஆய்வகக் கட்டணம் தனியா, எத்தனை துண்டுக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். துண்டுக்குத் துண்டு காசு என்றால் ஒன்றோடு நிறுத்தும் ஆசை இரண்டு பக்கமும் வரும். அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமக்களுக்கு நிபுணர் கிளினிக்கின் வழக்கமான கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்). சிவப்பு ஐசி (நிரந்தரவாசி அட்டை) வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு, கவுண்டரில் விசாரிக்கவும். எங்கே போனாலும், செய்பவர் இதை அடிக்கடி செய்கிறவரா என்பது கட்டடத்தைவிட முக்கியம். பிரிட்டனில் ஆண்டுக்குக் குறைந்தது 50 புதிய நோயாளிகளைப் பார்க்காதவர் கால்போஸ்கோபி செய்பவராகத் தொடர முடியாது என்று விதியே இருக்கிறது.

மாதவிடாய் நாளில் தேதி விழுந்தால் மாற்றிக்கொள்ளுங்கள், இரத்தத்தில் எதுவும் தெரியாது. முந்தைய இரண்டு நாள் உடலுறவும் உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டவும். பயாப்சிக்குப் பிறகு காப்பித்தூள் போலக் கறுப்பாக வரும். இரத்தத்தை நிறுத்தத் தடவிய மருந்து அது, பயப்பட வேண்டாம். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தால், காய்ச்சலோ நாற்றமோ இருந்தால் திரும்பப் போக வேண்டும்.

லெட்ஸ் செய்தவர்கள் நான்கு வாரம் உடலுறவையும், இரண்டு வாரமாவது பாரம் தூக்குவதையும் தவிர்க்க வேண்டும். செம்பனையில் உதிரிப்பழ மூட்டை சுமப்பவர்கள் இதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். வெறும் டைம் சிலிப் (வந்துபோன நேரம் எழுதிய சீட்டு) கொடுத்தால் தோட்டத்தில் அந்த நாள் சம்பளம் வெட்டப்படலாம், எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) வேண்டும் என்று கேளுங்கள். வேலைவாய்ப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கே ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. கிளம்புவதற்கு முன் கவுண்டரில் இரண்டு விஷயம்: முடிவு எந்தத் தேதியில், எந்த எண்ணுக்கு வரும் என்று எழுதி வாங்குவது, எத்தனை இடத்தில் சதை எடுத்தார்கள், உருமாறும் பகுதி எந்த வகை என்று கேட்டு அட்டையில் குறிக்கச் சொல்வது.